அறுந்த கம்பாவை எறிந்துவிடாதீர்கள்

முல்லைத்தீவில் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்சிலும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) இழுக்கிறார்கள். மீன் சேரும் மடி பாரமாக வரும்போது, வலையை இழுக்கும் கயிறான கம்பா நைந்துபோய் அறுந்தால் சவுக்குப் போலத் திரும்பி அடிக்கும். மூடி இல்லாத வின்சில் கை போனால் விரல் மிஞ்சாது. அப்படி விரல் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். வலைக்குச் சொந்தக்கார முதலாளியான சம்மாட்டியின் மனம் நோகக் கூடாதென்று வைத்தியசாலையில் "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லிவிட்டார். பிறகு நட்டஈடு கேட்டபோது அந்தச் சொல்லே அவருக்கு எதிராக நின்றது.

மாஞ்சோலை வைத்தியசாலையோ வேறெதுவோ, எந்த வேலையில், எதனால் காயம் வந்ததென்று உள்ளபடி சொல்லுங்கள்.

அடுத்தது அந்தக் கயிறு. தொழில் நிற்கக் கூடாதென்று மறுநாளே புதுக் கம்பா கட்டிவிடுவார்கள், வின்சையும் திருத்திவிடுவார்கள். அதற்கு முன் கைபேசியில் படம் எடுங்கள், அறுந்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வாடியில் (கரையில் தொழிலாளர் தங்கும் கொட்டிலில்) கூட நின்றவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள். பருவம் முடிந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

"என்ர கவனக்குறைவுதானே" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. காயம் வேலையினால், வேலையின்போது வந்ததா என்பதே கேள்வி. குடிவெறியில் இருந்து பட்ட காயமென்றால் கதை வேறு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சே போதும். சம்பளமில்லாமல் பிடிபாட்டில் பங்குக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல் கூட: "நீ பங்காளி, தொழிலாளி இல்லை" என்பார்கள். வலையும் எஞ்சினும் யாருடையவை, எப்போது வலை வளைப்பதென்று யார் சொன்னார், கணக்குக் கொப்பியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்போது உதவும்.

நைந்த கயிறென்று தெரிந்தும் மாற்றவில்லை என்று நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். அங்கே முதலாளியின் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் நட்டஈடு வாங்க முடியாது. ஆகவே எதையும் தொடங்குமுன் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அப்புறம், ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துவிட்டு "இதோட முடிஞ்சுது" என்று நீட்டும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். உயிரே போயிருந்தால் நட்டஈட்டை முதலாளி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும். மனைவியின் கையில் நேரே கொடுத்த காசு அந்தக் கணக்கில் சேராது.