ஆயா கடிக்கிற மாதிரி மெத்துன்னு எலுமிச்சை ஆரஞ்சு குக்கீ

எங்க ஆயாவுக்கு முன்பல்லு எல்லாம் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. கடை பிஸ்கோத்த டீயில முக்குனா பாதி டம்ளர் அடியில போயி கூழாயிடும், அத விரலால வழிச்சு சாப்பிட்டுட்டு "மெத்துன்னு ஒன்னு செஞ்சு குடுக்க இந்த வீட்டுல ஒருத்திக்கும் துப்பு இல்ல"ன்னு ஒரு பாட்டு. அதுக்காக ஆரம்பிச்சது தான் இது. நாலு தடவை சொதப்பி அஞ்சாவது தடவை தான் சரியா வந்துச்சு, அதனால எங்கெங்க சொதப்பும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

முதல் தடவை செஞ்ச தப்பு, எலுமிச்சை வாசனை தூக்கலா வரணும்னு ரெண்டு பழத்த முழுசா பிழிஞ்சு ஊத்திட்டேன். மாவு தோசை மாவாட்டம் ஆயிடுச்சு, டிரேல பன்னெண்டு குக்கீ வச்சேன், வெளிய வரும்போது ஒரே ஒரு குக்கீ தான், டிரே சைஸுக்கு. அம்மா பாத்துட்டு "ஏண்டி, இது என்ன அடையா"ன்னு கேட்டாங்க. அப்புறம் தான் புரிஞ்சுது, வாசனை எண்ணெய் எல்லாம் தோல்ல தான் இருக்கு, சாறுல இருக்கறது வெறும் புளிப்பு.

தேவையானது: மைதா 180 கிராம், கான்ஃப்ளவர் 2 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 120 கிராம், முட்டை 1, எலுமிச்சம்பழம் 2, ஆரஞ்சு 1, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். உப்பு போட்ட டேபிள் பட்டர்னா தனியா உப்பு வேணாம், இல்லன்னா ஒரு சிட்டிகை. சின்னதா ஒரு தராசு வாங்கி வச்சுக்கோங்க, டம்ளர் கணக்குல பேக்கிங் பண்ணாதீங்க, ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு. 240 மில்லி கப் இருந்தா மைதா ஒன்றரை கப் வரும்.

பழம் நான் எங்க கடலூர் பான்பரி மார்க்கெட்டுல தான் வாங்குவேன். தோல் பளபளன்னு எண்ணெய் கசியற மாதிரி இருக்கற மஞ்சப்பழமா பாத்து எடுங்க. சூப்பர் மார்க்கெட் ஆரஞ்சுல மெழுகு பூசியிருப்பாங்க, வெதுவெதுப்பான தண்ணில நல்லா தேச்சு கழுவி துடைச்சிடுங்க. கமலா ஆரஞ்சு வாசனையா இருக்கும், ஆனா தோல் தொளதொளன்னு இருக்கறதால துருவ வராது.

இப்ப தோல் துருவுறது. கேரட் துருவியில இஞ்சி துருவுற பொடி ஓட்டை பக்கம் இருக்கும்ல, அதுல ஒரே இடத்துல ஒரு இழுப்பு, அதோட பழத்த திருப்பிடணும். மேல் கலர் மட்டும் தான் வரணும். அடியில வெள்ளையா இருக்கறது கசப்பு, நம்ம நாட்டு எலுமிச்சைக்கு தோல் ரொம்ப மெல்லிசு, கொஞ்சம் அழுத்துனாலும் வெள்ளை வந்துடும். மறக்காம, துருவிட்டு அப்புறம் பழத்த வெட்டுங்க. வெட்டுன பழத்த துருவிப் பாத்தவங்களுக்கு விரல் எரியறது தெரியும்.

துருவுன தோல சர்க்கரையில போட்டு விரல் நுனியால ரெண்டு நிமிஷம் நல்லா கசக்குங்க. சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி லேசா மஞ்சளாகும், வீடே மணக்கும். சர்க்கரை பரல் உரசி தோல்ல இருக்கற எண்ணெய் வெளிய வர்றதால தான் இது, இந்த ஒரு வேலைய மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் மிக்ஸில ரெண்டு சுத்து விட்டு பொடிச்சுக்கோங்க. ஜார்ல பூண்டு சட்னி வாசனை இருக்கான்னு மோந்து பாத்துட்டு போடுங்க, நான் பாக்கல, மூணாவது தடவை சொதப்புனது அப்படித்தான்.

அடுத்து வெண்ணெய். வீடியோல எல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளிய வைங்கன்னு சொல்வாங்க, அது 20 டிகிரி இருக்கற ஊர்க்காரங்களுக்கு. கடலூர்ல மே மாசம் ஒரு மணி நேரம் வச்சா வெண்ணெய் இருக்காது, நெய்க்கு பாதி வழியில நிக்கும். பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். விரல் வச்சா குழி விழணும், பளபளன்னு உருகியிருக்கக் கூடாது. அதோட பொடிச்ச சர்க்கரைய சேத்து விஸ்க்காலயோ பீட்டராலயோ வெளிறிப் போற வரைக்கும் மூணு நிமிஷம் அடிங்க, முட்டை ஊத்தி மறுபடி அடிங்க, அப்புறம் எலுமிச்சை சாறு ஒரே ஒரு டேபிள்ஸ்பூன். திரிஞ்ச மாதிரி தெரியும், பயப்படாதீங்க, மாவு போட்டதும் சரியாயிடும்.

மைதா, கான்ஃப்ளவர், பேக்கிங் பவுடர், சோடா நாலையும் சேத்து சலிச்சு கொட்டி கரண்டியால புரட்டி விடுங்க. வெள்ளையா மாவு தெரியாம போற வரைக்கும் தான், அதோட கை எடுத்துடணும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சா இழுவை வந்து குக்கீ கட்டியாயிடும். கான்ஃப்ளவர் போடறதே அந்த இழுவைய குறைக்கத்தான். சோடாவ கால் டீஸ்பூனுக்கு மேல போடாதீங்க, சோப்பு வாசனை அடிக்கும், எலுமிச்சையோட புளிப்பையும் அது அடிச்சுடும்.

மாவு கையில பிசுபிசுன்னு ஒட்டும், ஒட்டத்தான் செய்யும், அதுக்காக இன்னும் மைதா கொட்டாதீங்க. மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம், வெயில் நாள்னா ஒன்றரை மணி நேரம். நம்ம ஊருக்கு இது கட்டாயம்.

ஓடிஜிய (மேடை மேல வைக்கிற கரண்ட் ஓவன்) மேல் ராடு கீழ் ராடு ரெண்டும் போட்டு 170 டிகிரில பத்து பதினஞ்சு நிமிஷம் சூடு பண்ணுங்க. மைக்ரோவேவ்னா கன்வெக்‌ஷன் மோடு இருந்தா தான் ஆகும், சாப்பாடு சுட வைக்கிற மோடுல வைக்காதீங்க. மாவ 25 கிராம் உருண்டையா, சின்ன எலுமிச்சை சைஸ்ல உருட்டி லேசா அமுக்கி, பேக்கிங் பேப்பர் போட்ட டிரேல ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைங்க. பதினெட்டு வரும், ஒரே டிரேல கொள்ளாது, மிச்சத்த திரும்ப ஃப்ரிட்ஜ்ல வைங்க, மேடை மேல விட்டுடாதீங்க.

பத்தாவது நிமிஷம் எட்டிப் பாருங்க. ஓரம் மட்டும் கெட்டியாகி அடி லேசா பொன்னிறமா இருக்கும், நடுவுல இன்னும் வேகாத மாதிரி தொட்டா அமுங்கும். அப்பவே எடுத்துடணும். எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது தான், நானும் ரெண்டு தடவை "இன்னும் ரெண்டு நிமிஷம்"னு விட்டேன், ஆறுனதும் தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துச்சு, ஆயா ஒன்ன எடுத்து நாய்க்கு போட்டுச்சு, நாயும் மோந்து பாத்துட்டு போயிடுச்சு. வெளிய எடுத்த அப்புறமும் டிரே சூட்டுல அது வெந்துட்டே இருக்கும். பத்து நிமிஷம் டிரேலயே விட்டுட்டு அப்புறம் கம்பி வலை மேல ஆற விடுங்க, சூட்டோட தூக்குனா உடைஞ்சிடும்.

முட்டை சாப்பிடாதவங்க அதுக்கு பதிலா கெட்டித் தயிர் மூணு டேபிள்ஸ்பூன் போடலாம், கொஞ்சம் கேக் மாதிரி இருக்கும், மோசமில்ல. பண்ருட்டி முந்திரிய ஒன்னு ரெண்டா உடைச்சு சேத்தா நல்லாருக்கும், ஆயாவுக்காக நான் போடறதில்ல. மேல சர்க்கரை ஐசிங் ஊத்துறது எனக்கு புடிக்கல, நம்ம கடக்காத்துல சாயங்காலத்துக்குள்ள ஒழுக ஆரம்பிச்சிடும்.

நல்லா ஆறுனதும் காத்து புகாத டப்பால போடுங்க, மூணு நாள் மெத்துன்னு இருக்கும். முறுக்கெல்லாம் நமத்துப் போற இந்த ஈரக்காத்து இதுக்கு மட்டும் ஒத்தாசை பண்ணுது. எறும்பு தான் தொல்லை, டப்பாவ தண்ணி ஊத்துன தட்டுல வைங்க. உருட்டுன மாவ ஃப்ரீசர்ல ஒரு மாசம் வரைக்கும் வச்சிருந்து வேணும்ங்கறப்ப ஆறு ஏழா சுட்டுக்கலாம், அதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகும்.

தோல் சீவுன எலுமிச்சை மறுநாளே கல்லு மாதிரி காஞ்சிடும், அன்னைக்கே பிழிஞ்சு சாதமோ ஜூஸோ பண்ணிடுங்க. இல்லன்னா "மொட்டையடிச்சு வச்சிருக்கா பாரு, இதுல எப்புடி ஊறுகா போடுறது"ன்னு ஆயா ஒரு பக்கம் ஆரம்பிச்சிடும், வாயில குக்கீய வச்சுக்கிட்டே.