டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமா?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இழுக்கும். செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது, ஈரக்காலோடு நின்றால் மட்டும்தான். ஸ்குரூ டிரைவர் டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. ஆன்லைனில் முன்னூறு ரூபாய்க்குள் வாங்கிய, மூன்று விளக்கு வைத்த பிளக் டெஸ்டரைச் சாக்கெட்டில் செருகினேன். இரண்டு விளக்கு எரிந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி ‘வயரிங் சரி’. இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் வந்த ஒயர்மேன் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) திருகிலிருந்து எர்த் (கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர்) திருகுக்கு ஒரு துண்டு ஒயர். “லூப் அடிச்சிருக்காங்க சார். இந்தப் பாக்ஸுக்கு எர்த்தே வரலை.”

எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு யாரோ செய்த வேலை. நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டியிருப்பதால் பிளக் டெஸ்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எர்த் இருக்கிறது என்றே அது சொல்லும். உண்மையான எர்த் வந்தாலும் அது எவ்வளவு நல்ல எர்த் என்று அதற்குத் தெரியாது. விளக்கு எரிய மில்லி ஆம்பியர் கணக்கில் கரண்ட் போதும். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் எர்த் ஒயர்கூட அதற்குப் போதுமானது. எங்கள் வீட்டில் நியூட்ரல் ஜாயிண்ட் ஒன்று தளர்ந்திருந்தது. மெஷின் ஓடும்போது நியூட்ரலில் ஏறிய வோல்ட்டேஜ் அந்த லூப் வழியாக அப்படியே மெஷினின் தகரத்துக்கு வந்திருக்கிறது. ஜாயிண்ட் முழுதாக விட்டுப்போயிருந்தால் 230 வோல்ட்டும் வந்திருக்கும்.

சரி, அந்த ஸ்குரூ டிரைவர் டெஸ்டர் ஏன் எரியவில்லை? அதற்குள் ஒரு நியான் குமிழும் பெரிய ரெசிஸ்டரும் இருக்கின்றன. கரண்ட் வரும் ஒயரான பேஸிலிருந்து மிகச் சிறிய கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்தான் குமிழ் எரியும். அதற்குச் சுமார் 70, 80 வோல்ட்டாவது வேண்டும். ஈரக்காலுக்கு அதற்குக் கீழேயே ஷாக் தெரியும். காய்ந்த மர ஸ்டூல் மேல் நின்றால் முழு பேஸுக்கே மங்கலாக எரியும். வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாது. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்பலாம். எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கைப்பழக்கம் உள்ளவர்கள் முதலில் கரண்ட் இருக்கும் சாக்கெட்டில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், வேலை முடிந்து மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்கள்.

இன்னொரு குழப்பம்: சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. ‘ரெண்டு பேஸும் வந்துடுச்சு’ என்று தெருவுக்கே சொல்வார்கள். பெரும்பாலும் அது நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். எங்கோ போட்டு வைத்த ஃபேனோ பல்போ வழியாகப் பேஸ் சுற்றிவந்து நியூட்ரல் ஒயரில் நிற்கிறது. ஒயர்மேன்கள் ஹோல்டரில் மாட்டிய சாதாரண 100 வாட்ஸ் பல்பை இன்னும் பையில் வைத்திருப்பது இதற்குத்தான். பல்பு எரிய உண்மையான கரண்ட் வேண்டும், ஏமாற்ற முடியாது. பார்க்க எளிது என்று நாமே பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் போட்டுப் பார்க்கக் கூடாது. எர்த் கெட்டிருந்தால் அதே எர்த்தில் இருக்கும் ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் அந்த நேரத்தில் கரண்டாகிவிடும்.

மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டரை நான் திட்டமாட்டேன், பேட்டரி பார்க்க நல்ல சாமான். ஆனால் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட்டேஜ் பார்க்கச் சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். இந்த வகை மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அதோடு, ஒயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று இதில் ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கொண்டு சோதிக்கிறது. 230 வோல்ட்டில் கசியும் ஒயர் இதில் சுத்தமாகத் தெரியும். அதற்குத்தான் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெகர் இருக்கிறது.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) போட்ட வீடுகளில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டப்பென்று விழும். அந்தப் பட்டன் சோதிப்பது அந்தக் கருவியை மட்டும்தான். எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அது ஜோராக விழும். அதற்காக அழுத்தாமல் இருக்கவேண்டாம்; எர்த் சரி என்பதற்கு அது சான்று இல்லை, அவ்வளவுதான். எம்சிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் உள்ளது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவது ஆர்சிசிபி.

மெயினை ஆஃப் செய்துவிட்டேன் என்று போர்டைத் திறப்பது வேறு கதை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் விழுந்த நொடியே அது உயிர் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

எலக்ட்ரீஷியன் வந்தாலே போதும் என்பதும் சரியில்லை. எங்கள் வீட்டில் லூப் அடித்தவரும் ஒரு எலக்ட்ரீஷியன்தானே. கட்டிங் பிளேயரும் ஒரு டெஸ்டரும் மட்டும் கொண்டு வருகிறவருக்கு ஃபேன் மாட்டும் வேலையைக் கொடுக்கலாம். ஷாக் அடிக்கிறது, எம்சிபி அடிக்கடி விழுகிறது, ஸ்விட்ச் போர்டு சூடாகிறது என்றால் மின் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் ஒயர்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் அரசு தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மெகர் இருக்கிறதா, எர்த் எத்தனை ஓம்ஸ் என்று அளந்து எழுதிக் கொடுப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் எர்த் ஒயரைப் புதிதாக இழுத்து, நியூட்ரல் ஜாயிண்டை இறுக்கி, வருஷக்கணக்கில் தண்ணீர் காணாத எர்த் குழியையும் சரி செய்தார்கள். இப்போது ஈரக்காலோடு தொட்டாலும் ஒன்றுமில்லை. அந்தப் பிளக் டெஸ்டரை மறுபடி செருகிப் பார்த்தேன். அதே இரண்டு விளக்கு, அதே ‘வயரிங் சரி’.