போரிவிலிக்குப் போனால் காந்தளைத் தேடுங்கள்

மும்பையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஜூலை, ஆகஸ்டில் போரிவிலியில் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போனால் (திங்கட்கிழமை விடுமுறை), பாதையோரப் புதர்களில் செங்காந்தளைத் தேடச் சொல்லுங்கள். ஊரில் கார்த்திகைப் பூ என்போமே, தமிழ்நாட்டின் மாநில மலர், அதேதான்.

பூவுக்கு முன்னால் இலை நுனியைக் காட்டுங்கள். அது நூல் மாதிரி நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். "இந்தச் செடிக்கு இலைதான் விரல்" என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது ஏன் புதர் மண்டிய காட்டோரத்தில் வளர்கிறது என்று புரிந்துவிடும். அப்புறம் பூ. நெளிநெளியான ஆறு இதழ்கள், பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி நாளாக நாளாக நெருப்புச் சிவப்பாகும், ஒரே கொடியில் இரண்டையும் பார்க்கலாம்.

ஆனால் கண்ணால் மட்டும்தான்! கிழங்கு முதல் விதை வரை முழுச் செடியும் விஷம், தின்றால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிபன் டப்பாவைத் திறங்கள். மழைக்காலம் போனதும் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். யாரும் பிடுங்காமல் விட்டால் அடுத்த வருஷம் அதே புதரில் மறுபடி ஏறும்.