கருவியை நம்பாத குவாண்டம் சாவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைவில் இருக்கும் ஆலிஸ், பாப் இருவரும் ஆளுக்கொரு குவாண்டம் பெட்டியிடம் சுற்றுச் சுற்றாக ஒரு அளவீட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு, வரும் விடைகளிலிருந்து ஒரே ரகசிய பிட் வரிசையை எடுக்கிறார்கள், அதுதான் சாவி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யார் செய்தது என்று எதையும் நம்பாமல், வெளியே வரும் விடைகளை மட்டும் வைத்துச் சாவியின் ரகசியத்தை நிரூபிப்பதுதான் டிவைஸ் இண்டிபெண்டன்ட் முறை. இதில் புதிதாக இறங்குபவர்களின் கணக்குகள் அடிக்கடி என்னிடம் வரும். லேசர் நேராக இல்லை, கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும், விடுங்கள்.

விடை வராத சுற்றுகளைத் தூக்கி எறிவது

சமீபத்தில் வந்த ஒரு கணக்கில் பெல் சோதனையின் எஸ் மதிப்பு, அதாவது இரு பெட்டிகளின் விடைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு, 2.7. முன்கூட்டியே விடை எழுதி வைத்த பெட்டிகள் 2-ஐத் தாண்டாது, குவாண்டத்தின் உச்சம் 2.828, ஆக பார்க்க அருமை. நிரலைத் திறந்தால் மேலேயே ஒரு வரி: ஏதாவது ஒரு பக்கம் கிளிக் ஆகாத சுற்றுகளை நீக்கு. நிரூபணம் மொத்தமும் அங்கேயே போச்சு. கேட்டால், ஃபோட்டான் (ஒளித்துகள்) ஃபைபரில் தொலைந்திருக்கும் என்கிறார்கள். பெட்டியையே நம்பவில்லை என்று எழுதிவிட்டு, அது மௌனமாக இருந்த காரணத்தை மட்டும் எப்படி நம்புவது? இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஒட்டுக்கேட்பவரே பெட்டிகளைச் செய்து தந்தார் என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பாபின் பெட்டியில் ஒரு அளவீடும் அதற்கான விடையும் முன்பே எழுதியிருக்கும். பாப் அதையே தேர்ந்தெடுத்தால் விடை, இல்லையென்றால் மௌனம். அது எந்த அளவீடு, என்ன விடை என்பது ஆலிஸின் பெட்டிக்கும் தெரியும், அதனால் ஆலிஸ் எதைக் கேட்டாலும் தோதாகச் சொல்லிவிடும். மௌனச் சுற்றுகளை நீக்கினால் எஸ் 4 வரை ஏறும். கொஞ்சம் இரைச்சல் கலந்து 2.8-க்கு இறக்கினால் யாருக்கும் சந்தேகம் வராது. பாபின் பெட்டி பாதி நேரம் பேசவே இல்லை என்பதுதான் ஒரே தடயம், அதைத்தான் அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது.

கிளிக் ஆகாததையும் +1 என்று ஒரு விடையாகவே கணக்கில் சேருங்கள். அப்போது முழுக் குவாண்டம் பின்னல் (என்டாங்கிள்மென்ட்) உள்ள துகள் ஜோடியில் 2-ஐத் தாண்டவே சுமார் 83% கண்டறிதல் திறன் வேண்டும், சாவி எடுக்க இன்னும் அதிகம். நல்ல ஃபைபரிலேயே கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு, 10 கிலோமீட்டரில் மிஞ்சுவது 63%. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அயனிகளையும் மியூனிக்கில் அணுக்களையும் வைத்துச் செய்தபோது, பின்னல் உண்டான அறிவிப்பு வந்த பிறகுதான் அளவீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கப்புறம் எல்லாச் சுற்றிலும் விடை உண்டு. அறிவிப்பு வராத முயற்சிகளைத் தாராளமாக நீக்கலாம், பெட்டியிடம் அப்போது இன்னும் கேள்வியே கேட்கவில்லையே.

சில ஆயிரம் சுற்றுகளில் சாவி

போதாது. ஆக்ஸ்ஃபோர்டில் 95,628 பிட் சாவிக்கு 15 லட்சம் ஜோடிகளும் கிட்டத்தட்ட 8 மணி நேரமும் ஆனது.

அளவீட்டைப் பெட்டியே தேர்ந்தெடுப்பது

கூடாது, அதைத்தானே நம்பவில்லை.

அதே பெட்டியை மறுநாளும் ஓட்டுவது

நேற்றைய சாவியை நினைவில் வைத்திருக்கும் பெட்டி, இன்று நீங்கள் வெளிப்படையாகப் பகிரும் தகவல் வழியாகவே அதைக் கசியவிடலாம். பாரெட், கோல்பெக், கென்ட் மூவரும் 2013-இல் இதைக் காட்டிவிட்டார்கள்.

டிடெக்டரை மட்டும் நம்பாத முறையை இதோடு குழப்புவது

2010-இல், கடையில் விற்ற கருவிகளின் டிடெக்டர்களையே பிரகாசமான ஒளியால் குருடாக்கிக் காட்டினார்கள். அதற்கு விடையாக 2012-இல் வந்த முறையில் நடுவிலிருக்கும் டிடெக்டர் எதிரியிடமே இருக்கலாம், ஆனால் ஒளி மூலங்களை நம்பித்தான் ஆக வேண்டும். நீண்ட ஃபைபரில் இப்போதே சாவி வேண்டுமென்றால் நானும் இதைத்தான் எடுப்பேன், மூலங்கள் வெளியே விடும் ஒளியை அளந்து பார்த்த பிறகு.