ஜெய்ப்பூரை வெயிலைப் பார்த்துச் சுற்றுங்கள்

ஜெய்ப்பூரில் எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் முக்கியம். ஹவா மஹாலின் முகப்பு கிழக்கு நோக்கியது. காலை ஏழு மணி வெயில் நேராக விழும்போது அந்த 953 ஜன்னல்களும் தேன் நிறத்தில் ஒளிரும். மாலையில் போனால் நிழல் மூடிய சுவரைத்தான் பார்ப்பீர்கள். தெருவில் நின்று வாசலைத் தேட வேண்டாம். உள்ளே போகும் வழி பின்புறம் இருக்கிறது.

அடுத்து ஆமேர் கோட்டை. நகரிலிருந்து 11 கிலோமீட்டர். யானைச் சவாரியைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கல் ஏற்றத்தில் அவை படும் பாடு போதும். நடந்தே ஏறலாம், ஜீப்பும் கிடைக்கும்.

கல்லால் கட்டிய பழைய வானியல் கருவிகள் நிற்கும் ஜந்தர் மந்தருக்கு மட்டும் வெயில் அவசியம். மேகம் மூடிய நாளில் அங்கே வெறும் கற்கள்தான். சாம்ராட் யந்திரம் என்ற 27 மீட்டர் உயர சூரியக் கடிகாரத்தின் வளைவில், நிழலின் ஓரத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். நிழல் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே ஜெய்ப்பூர் போகலாம் என்பேன்.

இவற்றுக்கும் நாஹர்கர் கோட்டைக்கும் சேர்த்து இரண்டு நாள் செல்லும் கூட்டு டிக்கெட் உண்டு. முதல் இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். நகர அரண்மனைக்கும் ஜெய்கர் கோட்டைக்கும் தனி டிக்கெட். சூரிய அஸ்தமனத்துக்கு நாஹர்கர் மதில்.