உறைபனிக் காலையில் நின்றுபோகும் இன்வெர்ட்டர்

ஊட்டியில் எங்கள் வீட்டு சோலார் இன்வெர்ட்டர் டிசம்பர், ஜனவரியில் வெயில் ஏறும் நேரத்தில் 'அதிக வோல்டேஜ்' என்று காட்டி சார்ஜ் செய்வதை நிறுத்திவிடும். பழுது இன்வெர்ட்டரில் இல்லை. பேனல்களை இணைத்த விதத்தில்தான்.

540 வாட் பேனல் 6. மூன்று மூன்றாக சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்படி) போட்டு, அந்த இரண்டு வரிசையையும் பேரலலில் (பக்கம் பக்கமாக, கரண்ட் கூடும்படி) சேர்த்திருந்தார்கள். பேனலின் பின்பக்க லேபிளில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (கரண்ட் எடுக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 49.5, மூன்றுக்கு 148.5. இன்வெர்ட்டர் தாங்குவது 150. சமவெளியில் எப்படியோ ஓடிவிடும். ஆனால் அந்த 49.5 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. குளிர் கூடக் கூட வோல்டேஜ் ஏறும், இந்தப் பேனலுக்கு டிகிரிக்கு 0.28 சதவீதம். பேனல் 0 டிகிரியில் இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து 159. இதைத் தொடரவிட்டால் இன்வெர்ட்டர் போர்டே கருகும்.

இரண்டிரண்டாக மூன்று வரிசை ஆக்கினேன். இப்போது கடுங்குளிரிலும் 106 வோல்ட்தான். 48 வோல்ட் பேட்டரிக்கு அது தாராளம். கரண்ட் கிட்டத்தட்ட 42 ஆம்பியருக்கு ஏறுவதால் வரிசைக்கு ஒரு 25 ஆம்பியர் டிசி ஃபியூஸ், கீழே இறங்கும் கேபிள் 16 சதுர மில்லிமீட்டர். டிசி சுவிட்சை அணைக்காமல் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்றவே கூடாது, தீப்பொறி பறக்கும்.

மலையில் புதிதாக வாங்குவோர் இந்த 0 டிகிரி கணக்கைப் போட்டுவிட்டே மாடலைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியில்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் மட்டும் வேண்டாம். மழையில் லைன் போனால் அதுவும் அணைந்துவிடும்.