ஷெட்லாந்தில் காரை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் வாடகைக் காரை நிறுத்தும்போது அதன் முகம் காற்றைப் பார்த்தபடி இருக்கட்டும். கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால் எதிர்க்காற்று கதவைச் சாத்தத்தான் பார்க்கும். பின்காற்றோ, திறந்த மாத்திரத்தில் கதவைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். மரங்களே அரிதான ஊர், தடுக்க ஒன்றுமில்லை. இந்தச் சேதத்தைப் பல வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. செலவு நம் தலையில்தான். வானிலை அறிக்கையில் ‘தென்மேற்குக் காற்று’ என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. பானெட்டை அந்தத் திசைக்குத் திருப்புங்கள். இருபக்கக் கதவுகளையும் ஒரேசமயத்தில் திறந்தால் உள்ளே இருக்கும் வரைபடம் கடலுக்குப் போய்விடும்.

எஷனெஸ் போன்ற செங்குத்துப் பாறை விளிம்புகளில் காற்று சுழன்றடிக்கும். அங்கே திசைக்கணக்கு உதவாது, கதவை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.